பழைய கல்யாண டிவிடியைத் தரம் குறையாமல் எடிட்டிங்குக்குக் கொண்டுவருவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மும்பை செம்பூரில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் யாராவது கையில் ஒரு பிளாஸ்டிக் உறையோடு படியேறி வந்தால், கீழ் வீட்டுக்காரர்கள் கேட்காமலே என் வீட்டுக் கதவைக் காட்டுவார்கள். உறைக்குள் இருப்பது பெரும்பாலும் கல்யாண டிவிடி. சில சமயம் வளைகாப்பு, அறுபதாம் கல்யாணம், மாட்டுங்காவில் நடந்த அரங்கேற்றம். கம்ப்யூட்டரில் ஏற்றி, வேண்டாததை வெட்டி, ஊரில் இருப்பவர்களுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அனுப்ப வேண்டும், ஆனால் படம் கெடக் கூடாது என்பார்கள். நான் ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதுபவன். இது பொழுதுபோக்காக ஒட்டிக்கொண்ட வேலை.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். அக்காவின் கல்யாணம் 2004இல் நடந்தது. அந்த டிவிடியை ஓர் இலவச மென்பொருளில் போட்டு, ஒரே சிடியில் அடங்க வேண்டும் என்பதற்காக 700 எம்பி ஏவிஐ கோப்பாகச் சுருக்கினேன். அதை வெட்டி ஒட்டி மறுபடியும் டிவிடி ஆக்கினேன். மணமேடைக்கு முன்னால் பாட்டி போட்டிருந்த இழைக்கோலம் கொட்டிப்போன மாவு போல ஆகிவிட்டது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. பாட்டிதான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இது நான் போட்ட கோலமா?" என்று கேட்டார்.

டிவிடியில் இருக்கும் படத்தின் தரம் உண்மையில் எவ்வளவு?

நம் நாட்டில் எடுத்த டிவிடி என்றால் அது பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் இருக்கும்: அகலத்தில் 720 புள்ளிகள், உயரத்தில் 576 வரிகள், நொடிக்கு 25 ஃப்ரேம்கள். படம் எம்பெக்-2 என்ற முறையில் ஏற்கெனவே சுருக்கப்பட்டிருக்கிறது. டிவிடி விதிப்படி படத்துக்கு மட்டும் நொடிக்கு அதிகபட்சம் 9.8 மெகாபிட் செலவிடலாம். ஆனால் கல்யாண ஸ்டூடியோக்கள் அந்த அளவுக்குப் போவது அபூர்வம். 4.7 ஜிபி டிஸ்கில் ஒரு மணி நேரம் பதிந்தால் அந்த உச்சத்தைத் தொடலாம். இரண்டு மணி நேரம் என்றால் நொடிக்கு சுமார் 5 மெகாபிட்டாகக் குறையும். நிச்சயதார்த்தம் முதல் கட்டுச்சாதக்கூடை வரை மூன்று மணி நேரத்தை ஒரே டிஸ்கில் திணித்திருந்தால் மூன்றரை மெகாபிட்டுக்கும் கீழேதான்.

ஆகவே "தரம் குறையாமல்" என்றால், டிஸ்கில் இன்று இருப்பதைவிடக் குறையாமல் என்றுதான் பொருள். ஸ்டூடியோவில் போனது போனதுதான்.

அப்படியானால் தரம் எந்த இடத்தில் போகிறது?

மறுபடி சுருக்கும் ஒவ்வொரு முறையும். டிவிடியிலிருந்து எம்பி4, அதை எடிட் செய்து இன்னொரு எம்பி4, அதை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது அது தன் பங்குக்கு ஒரு சுருக்கம். ஃபில்டரில் ஒரே காப்பிப் பொடிக்கு மூன்றாம் முறை வெந்நீர் ஊற்றினால் என்ன இறங்குமோ அதுதான் பேரனுக்குப் போய்ச் சேருகிறது. டிஸ்கிலிருந்து எடுப்பதைச் சுருக்காமல் எடுத்து, நடுவில் இழப்பில்லாமலோ கண்ணுக்குத் தெரியாத இழப்போடோ வைத்துக்கொண்டு, கடைசியில் ஒரே ஒரு முறை சுருக்க வேண்டும். நான் செய்வதெல்லாம் இவ்வளவுதான்.

டிஸ்கில் உள்ள கோப்புகளை அப்படியே ஹார்ட் டிஸ்குக்கு காப்பி செய்தால் போதாதா?

முதல் படியாக அதுவே நல்லது. டிஸ்கைத் திறந்தால் வீடியோ டிஎஸ் என்ற ஃபோல்டர் தெரியும். அதற்குள் விஓபி என்று முடியும் கோப்புகளில்தான் படமும் ஒலியும் இருக்கின்றன. ஐஎஃப்ஓ கோப்புகள் எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் குறிப்பேடு. பியூபி என்பவை அந்தக் குறிப்பேட்டின் நகல்கள். ஃபோல்டரை முழுதாக எடுங்கள். இன்னும் நல்லது, டிஸ்கையே ஐஎஸ்ஓ என்ற ஒற்றைக் கோப்பாக எடுத்துவிடுவது.

ஆனால் விஓபிக்களை நேராக எடிட்டிங் மென்பொருளில் இழுத்துப் போட்டால் வம்புதான். ஒரு விஓபி 1 ஜிபியைத் தாண்டக் கூடாது என்பது விதி. ஆகவே ஒரே நிகழ்ச்சியை 1, 2, 3 என்று துண்டு போட்டிருப்பார்கள். துண்டு விழும் இடம் தாலி கட்டும் நேரமா, பந்தி நேரமா என்று எந்திரம் பார்ப்பதில்லை. தனித்தனியாக ஏற்றினால் அந்த இடத்தில் ஒலி தடுக்கும், அரை நொடி காணாமல் போகும். 0 என்று முடியும் விஓபியில் மெனு மட்டுமே இருக்கும். அதையும் சேர்த்து ஒட்டிவிட்டு, ரோஜாப்பூ மிதக்கும் மெனுப் படம் நடுவில் ஏன் வருகிறது என்று கேட்டவர்கள் உண்டு.

சரி, எந்த மென்பொருளில் எடுப்பது?

என் வழக்கம் மேக்எம்கேவி. டிவிடிக்கு இலவசம். ஐஎஃப்ஓ குறிப்பேட்டைப் படித்து, துண்டுகளைச் சரியான வரிசையில் சேர்த்து, படத்தையும் ஒலியையும் தொடாமல் எம்கேவி என்ற புதிய உறைக்குள் வைத்துத் தருகிறது. உறைதான் மாறுகிறது, உள்ளே இருக்கும் கடிதம் அதேதான். ஒரு எச்சரிக்கை: அதன் ஆரம்ப அமைப்பில் 120 நொடிக்குக் குறைவான பகுதிகளை விட்டுவிடும். கேம்கார்டர் டிஸ்குகளில் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பதிவாகியிருக்கும் என்பதால், அந்த எண்ணை முதலில் குறைத்துவிடுங்கள். குழந்தை முதலடி வைத்த 40 நொடியை இப்படித் தவறவிட்டுவிட்டு, டிஸ்கில் அது இல்லவே இல்லை என்று சாதித்திருக்கிறேன்.

கட்டளை வரியில் பழக்கம் உள்ளவர்கள் எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில் "காப்பி" என்ற அமைப்போடு இதையே செய்யலாம். ஹேண்ட்பிரேக்கைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். நல்ல மென்பொருள்தான், ஆனால் அது படத்தை எப்போதும் மறுபடி சுருக்கும். எடிட் எல்லாம் முடிந்த பிறகு கூப்பிட வேண்டிய ஆளை முதலிலேயே கூப்பிடாதீர்கள்.

இப்படி எடுப்பது சட்டப்படி சரியா?

உங்கள் வீட்டுக் கல்யாண டிஸ்கில் பூட்டு எதுவும் இருக்காது, கவலை வேண்டாம். கடையில் வாங்கிய சினிமா டிவிடிகளில் சிஎஸ்எஸ் என்ற பூட்டு இருக்கும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு இத்தகைய பூட்டை உடைப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் என்கிறது. நான் சினிமா டிஸ்குகளைத் தொடுவதில்லை.

எம்கேவி எடுத்துவிட்டேன். எடிட்டிங் மென்பொருள் திறக்க மறுக்கிறது, அல்லது திணறுகிறது. ஏன்?

மறுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் உறை. எம்கேவியை ஏற்காத மென்பொருள்கள் இருக்கின்றன. அதே படத்தைச் சுருக்காமல் எம்பிஜி உறைக்கு மாற்றிக் கொடுத்துப் பாருங்கள்.

திணறுவதற்குக் காரணம் எம்பெக்-2 படத்தைச் சேமிக்கும் விதம். எல்லா ஃப்ரேமும் அதில் முழுப் படமாக இருப்பதில்லை. பால் டிவிடியில் ஏறத்தாழ 12 முதல் 15 ஃப்ரேமுக்கு ஒன்றுதான் முழுப் படம். நடுவில் இருப்பவை, முன்னும் பின்னும் உள்ளவற்றிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்பு மட்டுமே. நீங்கள் நடுவில் ஓரிடத்தில் சுட்டியை வைத்தால், மென்பொருள் பின்னோக்கி ஓடி முழுப் படத்தைத் தேடி, அங்கிருந்து கணக்குப் போட்டுக்கொண்டு வர வேண்டும்.

அதனால் எடிட் செய்வதற்கென்று ஓர் இடைநிலைக் கோப்பு உருவாக்கிக்கொள்வது நல்லது. அதில் ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்து நிற்கும். விலை, இடம். 5 மெகாபிட் டிவிடி மணிக்கு சுமார் 2.25 ஜிபி. அதே படம் புரோரெஸ் 422 வடிவில் மணிக்குச் சுமார் 18 ஜிபி. எஃப்எஃப்வி1, ஹஃப்ஒய்யூவி போன்ற முற்றிலும் இழப்பற்ற வடிவங்களில் அதைவிடவும் கூடலாம். விஎச்எஸ் டேப்பிலிருந்து டிவிடிக்குப் போன படம் என்றால் அதன் புள்ளி இரைச்சலையும் ஒரு விவரமாக நினைத்துக் காப்பாற்றும் என்பதால், இன்னும் பெருக்கும். கேடென்லைவ், ஷாட்கட் போன்ற இலவச மென்பொருள்கள் எஃப்எஃப்வி1 கோப்பைத் திறக்கும். மற்றவற்றுக்கு புரோரெஸ் அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆர் பொதுவாகப் பாதுகாப்பு.

பழைய வழிகாட்டிகளில் DV என்ற கேமரா டேப் வடிவத்துக்கு மாற்றச் சொல்வார்கள். மணிக்கு 13 ஜிபி. செய்யலாம், ஆனால் அதில் இழப்பு உண்டு. அதோடு ஒரு பொறியும் இருக்கிறது. அது அடுத்த கேள்வியில்.

18 ஜிபி ஆனதைப் பார்த்து "தரம் எட்டு மடங்கு கூடியிருக்கிறதா?" என்று என் அத்தான் கேட்டார். இரண்டு ஜிபியில் என்ன இருந்ததோ அதேதான் இருக்கிறது. எடிட் முடிந்ததும் இந்தக் கோப்பை அழித்துவிடலாம்.

யாராவது கையை வேகமாக ஆட்டினால் சீப்புப் பல் போலக் கோடு கோடாகத் தெரிகிறது. டிஸ்க் கெட்டுவிட்டதா?

கெடவில்லை. கடைகளில் வீட்டுப் படங்கள் பாழாவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்தக் கால கேமராக்கள் படத்தை இன்டர்லேஸ் முறையில் எடுத்தன. 576 வரிகளை ஒரே நேரத்தில் எடுப்பதில்லை. முதலில் ஒற்றைப்படை வரிகள் 288, நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு கழித்து இரட்டைப்படை வரிகள் 288. ஒவ்வொரு பாதிக்கும் ஃபீல்டு என்று பெயர். நொடிக்கு 50 ஃபீல்டு, இரண்டிரண்டாகப் பின்னியதில் 25 ஃப்ரேம். பழைய டப்பா டிவி அதே முறையில் மாற்றி மாற்றி வரைந்ததால் கண்ணுக்கு எதுவும் உறுத்தவில்லை. கம்ப்யூட்டர் திரையும் கைப்பேசியும் இரண்டு பாதியையும் ஒன்றாகக் காட்டுகின்றன. தவில்காரரின் கை முதல் ஃபீல்டில் ஓரிடத்தில், அடுத்ததில் நாலு விரல் தள்ளி. அதுதான் சீப்பு.

இதைப் பிரித்து எடுப்பதற்கு டிஇன்டர்லேஸ் என்று பெயர். மட்டமான வழி, ஒரு ஃபீல்டைத் தூக்கி எறிந்துவிட்டு மிச்சத்தை இழுத்து நிரப்புவது. வரிகளில் பாதி அங்கேயே போய்விடும். நொடிக்கு 25 படமாக ஆக்கினாலும் அசைவில் பாதி போய்விடும், தவில் தனி தட்டுத் தட்டாக நகரும். ஒவ்வொரு ஃபீல்டையும் ஒரு முழு ஃப்ரேமாக வளர்த்து நொடிக்கு 50 ஃப்ரேம் எடுக்க வேண்டும். எஃப்எஃப்எம்பெக்கில் யாடிஃப், பிடபிள்யூடிஃப் என்ற வடிகட்டிகள் இதை வேகமாகச் செய்யும். பிந்தியது எனக்குப் பிடித்தது. இவை எல்லாவற்றையும்விட அழகாகச் செய்வது அவிசிந்த், வேப்பர்சிந்த் என்ற மென்பொருள்களில் ஓடும் கியூடிஜிஎம்சி. அமைப்பது தலைவலி, ஹைப்ரிட் என்ற இலவச மென்பொருள் வழியாகப் போனால் பாதி தலைவலி. பாட்டியின் கோலம் இழை இழையாகத் திரும்பி வந்தது இதில்தான்.

பொறி என்றேனே, அது ஃபீல்டு வரிசை. டிவிடியில் பொதுவாக மேல் ஃபீல்டு முதலில் வரும். DV வடிவத்தில் கீழ் ஃபீல்டு முதலில். வரிசையை மாற்றிச் சொல்லிவிட்டால் அசைவெல்லாம் ஓரடி முன்னே, அரையடி பின்னே என்று உதறும். நிற்கும் ஆட்கள் சரியாகத் தெரிவதால் இது சட்டென்று பிடிபடாது. கோப்பில் எழுதியிருப்பதை நம்பிவிடாமல், கேமரா பக்கவாட்டில் நகரும் ஒரு காட்சியை ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்திப் பாருங்கள். எல்லாம் ஒரே திசையில் போனால் வரிசை சரி.

எப்போது பிரிப்பது? கைப்பேசியிலும் கம்ப்யூட்டரிலும் பார்க்கப் போகிறீர்கள் என்றால் முதலிலேயே, இடைநிலைக் கோப்பு உருவாக்கும்போதே பிரித்துவிடுங்கள். பிரிக்காமல் படத்தைப் பெரிதாக்கினால், சாய்த்தால், ஆட்டத்தை நிலைப்படுத்தினால் இரண்டு ஃபீல்டும் ஒன்றோடொன்று குழைந்துவிடும். அதன் பிறகு யாராலும் பிரிக்க முடியாது. மறுபடியும் டிவிடியாகவே போடப் போகிறீர்கள் என்றால் கடைசி வரை பிரிக்கவே வேண்டாம். சினிமாவிலிருந்து வந்த சில டிஸ்குகளில் இரண்டு ஃபீல்டும் ஒரே நொடிப்பொழுதைச் சேர்ந்தவையாக இருக்கும். சீப்பே தெரியவில்லை என்றால் கைவைக்காதீர்கள்.

மாப்பிள்ளை குண்டாகிவிட்டார், அல்லது எல்லோரும் ஒட்டகச்சிவிங்கி ஆகிவிட்டார்கள். ஏன்?

டிவிடியின் புள்ளிகள் சதுரமானவை இல்லை. அதே 720க்கு 576 படம், பழைய டிவிக்கான 4:3 ஆகவும் இருக்கலாம், அகலத் திரைக்கான 16:9 ஆகவும் இருக்கலாம். எது என்பதை டிஸ்கில் ஒரு குறிப்புதான் சொல்கிறது, மாற்றும்போது அந்தக் குறிப்பு தொலைந்துபோகும். எடிட்டிங் மென்பொருளில் கோப்பின் பண்புகளைத் திறந்து சரியான விகிதத்தை நீங்களே சொல்லிவிடுங்கள். சதுரப் புள்ளியாக மாற்ற வேண்டியிருந்தால் 4:3 என்றால் 768க்கு 576, 16:9 என்றால் 1024க்கு 576. உயரத்தைக் குறைத்துச் சரிசெய்யாதீர்கள், வரிகள் போய்விடும்.

எச்டியாகவோ 4கேயாகவோ உயர்த்த முடியுமா?

அளவைப் பெரிதாக்கலாம். இல்லாத விவரம் வராது. செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் விவரத்தைக் கற்பனை செய்து நிரப்புகின்றன. புடவைக் கரையில் அது அழகாகக்கூட இருக்கும். முகத்தில் எனக்குப் பிடிக்கவில்லை. மறைந்துபோன பெரியப்பாவுக்கு யாருடையதோ போல ஒரு கண் வந்ததை ஒருமுறை பார்த்தேன்.

பெரிதாக்க ஒரே ஒரு நியாயமான காரணம் எனக்குத் தெரிந்து இருக்கிறது. யூடியூப், 720 வரிகளுக்குக் குறைந்த படத்தை நொடிக்கு 50 ஃப்ரேமில் காட்டாது, பாதியாக்கிவிடும். இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய அசைவு அங்கே போய்விடும். ஆகவே அங்கே ஏற்றுவதாக இருந்தால் 4:3 படத்தை 1440க்கு 1080 ஆக்கி ஏற்றுங்கள்.

எனக்கு எடிட்டிங் எல்லாம் வேண்டாம், முதல் பத்து நிமிடத்தையும் விருந்தினர் வரிசையையும் வெட்டினால் போதும்.

அப்படியானால் நீங்கள் கொடுத்து வைத்தவர். லாஸ்லெஸ்கட், அவிடெமக்ஸ் போன்றவை மறுபடி சுருக்காமலே வெட்டித் தரும். இடைநிலைக் கோப்பு, ஃபீல்டு எதுவும் உங்களுக்கு வேண்டாம். ஒரே நிபந்தனை, முழுப் படம் இருக்கும் ஃப்ரேமில்தான் சுத்தமாக வெட்ட முடியும், அதாவது அரை நொடி முன்பின் ஆகும். விருந்தினர் வரிசைக்கு அரை நொடியில் என்ன குறைந்துவிடப் போகிறது!

படம் வருகிறது, ஒலி வரவில்லை. அல்லது உதடும் பேச்சும் ஒட்டவில்லை.

டிவிடியின் ஒலி பெரும்பாலும் டால்பியின் ஏசி-3 வடிவில் இருக்கும். சில எடிட்டிங் மென்பொருள்கள் அதை ஏற்காமல் ஊமையாக நிற்கும். ஒலியை மட்டும் வேவ் கோப்பாக விரித்துக் கொடுங்கள், 48 கிலோஹெர்ட்ஸிலேயே. சிடி ஞாபகத்தில் 44.1க்கு மாற்றாதீர்கள், டிவிடியின் ஒலி எப்போதும் 48தான் அல்லது 96. உதடு ஒட்டாததற்குக் காரணம் பெரும்பாலும் விஓபிக்களைத் தனித்தனியாகச் சேர்த்தது. பழையபடி டிஸ்கிலிருந்து முழுதாக எடுத்தால் சரியாகிவிடும்.

நிறம் மாறித் தெரிகிறது. குங்குமம் ஆரஞ்சாக இருக்கிறது.

பழைய தர டிவிக்கு ஒரு நிறக் கணக்கு, எச்டிக்கு வேறொரு கணக்கு. முன்னதை 601 என்றும் பின்னதை 709 என்றும் சொல்வார்கள். படத்தைப் பெரிதாக்கும்போது கணக்கை மாற்றாமல் விட்டால் சிவப்பும் பச்சையும் சற்றே நகரும். மாற்றும் மென்பொருளில் இந்த இரண்டு எண்களையும் தேடிப் பாருங்கள். கறுப்பு சாம்பலாக வெளுத்தோ, தலைமுடி மொத்தையாக இருண்டோ தெரிந்தால் அது வேறு கோளாறு: டிவிடியில் கறுப்பு 16, வெள்ளை 235 என்ற எண்களில் பதிந்திருக்கும், வெளுத்தால் யாரோ அதை 0, 255 என்று படித்துவிட்டார்கள், இருண்டால் இரண்டு முறை விரித்துவிட்டார்கள்.

அமெரிக்காவிலிருந்து மச்சினர் அனுப்பிய டிஸ்கையும் சேர்க்க வேண்டும்.

அது என்டிஎஸ்சி என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி முறை. 720க்கு 480, நொடிக்கு 29.97 ஃப்ரேம். முதலில் தனியாக டிஇன்டர்லேஸ் செய்து, பிறகு சேருங்கள். எந்த டிஸ்கின் படம் அதிக நேரம் வருகிறதோ அதன் ஃப்ரேம் வேகத்தில் திட்டத்தை அமையுங்கள்.

டிஸ்கே படிக்கவில்லை. இனி வழியில்லையா?

மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பரணில் வைத்த எதுவும் ஈரம் கோத்துக்கொள்ளும். டிஸ்கில் வெள்ளைப் புள்ளிகளாகப் பூஞ்சை படிந்திருக்கலாம். தண்ணீரில் நனைத்த மெல்லிய பருத்தித் துணியால், நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். தோசை வார்ப்பது போல வட்டமாகத் தேய்க்காதீர்கள். தரவு வட்டமாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. வட்டக் கீறல் ஒரே இடத்தில் தொடர்ந்து அழித்துவிடும், குறுக்குக் கீறலை டிஸ்கின் பிழைதிருத்தம் சமாளித்துக்கொள்ளும். மணமக்கள் படம் அச்சிட்ட காகித லேபிள் உரிந்து வந்தாலும் பிய்க்க வேண்டாம்.

ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிக்கும். கிராண்ட் ரோடு ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், லேமிங்டன் ரோட்டில் யூஎஸ்பி டிரைவ்கள் கிடைக்கும். தட்டு வெளியே வரும் வகையை வாங்குங்கள். கேம்கார்டரில் போட்ட 8 சென்டிமீட்டர் சின்ன டிஸ்குகளை (1.4 ஜிபி, சாதாரண அமைப்பில் அரை மணி நேரம்) உள்ளே உறிஞ்சும் வகை டிரைவில் போட்டால் திரும்பி வராது.

டிஸ்க் காலியாக இருக்கிறது என்று கம்ப்யூட்டர் சொன்னால், பதிந்தவர் கடைசியில் "ஃபைனலைஸ்" செய்யாமல் விட்டிருக்கலாம். பின்பக்கம் சாய்த்துப் பாருங்கள். எழுதிய பகுதி நிறம் மாறியிருந்தால் படம் இருக்கிறது. பதிந்த அதே கேமரா இன்னும் ஓடினால் அதிலேயே ஃபைனலைஸ் செய்யலாம். இல்லையென்றால் ஐசோபஸ்டர் போன்ற மென்பொருள் எடுத்துத் தரும்.

கீறல் விழுந்த டிஸ்குக்கு என் துணை டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள். படிக்க முடிந்ததை எல்லாம் முதலில் எடுத்து வைத்து, முடியாத இடங்களை ஒரு பட்டியலாகக் குறித்துக்கொள்ளும். பிறகு வேறு டிரைவில் அதே டிஸ்கைப் போட்டு அந்த ஓட்டைகளை மட்டும் நிரப்பச் சொல்லலாம்.

அக்காவின் டிஸ்கை இப்படித்தான் மீட்டேன். உறவுக்காரர் ஒருவர் இரவல் வாங்கிப் போய், ஊஞ்சல் முழுவதையும் கீறலாக்கித் திருப்பிக் கொடுத்திருந்தார். இரண்டு டிரைவிலும் அந்தப் பகுதி வரவில்லை. பிறகுதான் தோன்றியது, ஸ்டூடியோக்காரர் பெண் வீட்டுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று என்று இரண்டு போட்டுக் கொடுத்திருப்பார். டோம்பிவிலியில் அத்தான் வீட்டுப் பீரோவில், பழைய உறையில் இருந்தது மற்றது. அதிலும் கீறல், ஆனால் வேறு இடத்தில். இரண்டும் ஒரே மூலத்திலிருந்து எழுதியவை என்பதால் ஒன்றின் ஓட்டையை மற்றதால் நிரப்ப முடிந்தது. தனித்தனியாக உருவாக்கிய டிஸ்குகளில் இது நடக்காது. இரண்டிலும் கோப்புகளின் அளவு பைட் மாறாமல் ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள்.

இவ்வளவு எதற்கு, கடையில் கொடுத்துவிடலாமே?

கொடுக்கலாம், கேள்வி கேட்டுவிட்டுக் கொடுங்கள். எங்கள் மாடியில் ஒருவர் கடையொன்றில் கொடுத்து "ஃபுல் எச்டி" என்று வாங்கி வந்தார். 4:3 படத்தை 16:9க்கு இழுத்து, சீப்புக் கோடுகளோடு அப்படியே பெரிதாக்கி, ஓரத்தில் கடையின் பெயரையும் பொறித்திருந்தார்கள். டிஸ்க் கையில் இருந்ததால் பிழைத்தார். கடைக்காரரிடம் "ஐஎஸ்ஓ அல்லது விஓபியை மாற்றாமல் பென் டிரைவில் போட்டுத் தருவீர்களா?" என்று மட்டும் கேளுங்கள். தருவேன் என்றால் அதை வாங்கிக்கொண்டு மிச்சத்தை வீட்டில் செய்யலாம்.

எடிட் முடிந்தது. கடைசிக் கோப்பை எப்படி எடுப்பது?

எச்.264 என்ற சுருக்க முறை, தர எண் (மென்பொருளில் CRF அல்லது RF என்றிருக்கும்) 16 முதல் 18 வரை, 50 ஃப்ரேம், ஒலிக்கு ஏஏசி 192 கிலோபிட்டோ கூடுதலோ. தர எண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் பெருக்கும். "இத்தனை எம்பிக்குள்" என்று அளவைச் சொல்லிச் சுருக்காதீர்கள், என் 700 எம்பி கதை அதுதான். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது வீடியோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள். 2 ஜிபி வரை அப்படியே போய்ச் சேரும்.

ஒரு டிஸ்குக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

நல்ல டிஸ்கைப் படிக்க கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கீறல் விழுந்தது ஒரு இரவு முழுக்க ஓடும். கியூடிஜிஎம்சி என் பழைய கம்ப்யூட்டரில் படம் ஓடும் நேரத்தைப் போலப் பல மடங்கு எடுக்கும், ஆகவே சனிக்கிழமை இரவு போட்டுவிட்டுத் தூங்கிவிடுவேன். எடிட் செய்ய ஆகும் நேரத்தைத்தான் என்னால் சொல்ல முடியாது. அக்காவின் படத்தில் விருந்தினர் வரிசையை வெட்ட உட்கார்ந்தபோது பாட்டி பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டார். ஒவ்வொருவராக யார், எந்த ஊர், இப்போது எங்கே இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு நிமிடம்கூட வெட்டவில்லை.